மைதாப் பசையில் ஒட்டிய மூன்று வரி

பெரம்பூர், சென்னை
20 ஜனவரி 2024

அன்புள்ள இசக்கியக்காவுக்கு,

டேவிட்சன் எழுதுகிறேன். மணியாச்சி ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்காக இருந்த அதே டேவிட்சன்தான். நான்கு தடவை ஃபோன் செய்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை, நான்காவது தடவை எடுத்து என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு மணியே அடிக்கவில்லை. தபாலை நிறுத்தி வைக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கொம்பையா சார் போய் இரண்டரை மாதம் ஆகிறது. துஷ்டி வீட்டில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைத் தாண்டி வேப்பமரத்தைப் பார்த்தீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சார் நடத்திய ‘கோடை உழவு’ முப்பத்தோரு இதழ்களிலிருந்து பதினெட்டுக் கதைகளை எடுத்து ஒரு தொகுப்பு கொண்டுவருகிறேன். பதிப்பகம் ஒத்துக்கொண்டது. முன்னால் நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதுகிறேன். கோவில்பட்டியில் ஒரு கணக்கு வாத்தியார் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுடைய கதைகளைத் திருத்தினார். இன்றைக்குத் தமிழில் கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவர் கை பட்டவர்கள், மீதிப் பேர் அவர் கை பட்டவர்களைப் படித்தவர்கள். இதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

பிரஸ்ஸுக்குப் போன கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் பெட்டி பெட்டியாக உங்களிடம் இருப்பதாக சார் வீட்டம்மா சொன்னார்கள். அவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் ‘குழாயடி’ கதையையும் தொகுப்பில் சேர்க்க அனுமதி வேண்டும். 2008 தண்ணீர்ச் சிறப்பிதழுக்குப் பிறகு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று கட்டுரையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
டேவிட்சன்

*

கோவில்பட்டி
31.1.2024

டேவிட்சன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எட்டயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிற சத்துணவு அமைப்பாளர் நான். காலை பஸ்ஸில் போய் முட்டை எண்ணி, அரிசி அளந்து, சாயங்காலம் திரும்புகிறவளுக்குக் கட்டுரைக்குக் குறிப்பு எழுத நேரமில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை.

பெட்டிகள் என்னிடம்தான் இருக்கின்றன. டிசம்பர் மழையில் சார் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பரணில் இருந்ததால் முழுகவில்லை, ஆனால் ஓட்டு ஒழுக்கில் நனைந்துவிட்டன. சார் சம்சாரம் வெயிலம்மா மதினி, “இதெல்லாம் ஒங்க குப்ப, நீயே தூக்கிட்டுப் போ தாயி”ன்னு கொடுத்தார்கள். காயப்போட்டு வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்கிற எண்ணமும் இல்லை.

உங்கள் கட்டுரைக்கு என் பங்காக ஒன்று சொல்கிறேன். சார் எல்லோருடைய கதையிலும் கடைசிப் பத்தியை வெட்டியது, எழுதினவன் கடைசியில் உளறியதால். இப்போது எந்தப் பத்திரிகையைப் பிரித்தாலும் கதை பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறது. உளறாமலே வெட்டிக்கொள்கிறார்கள். இதுவும் சாருடைய செல்வாக்குதான். எழுதிக்கொள்ளுங்கள்.

‘குழாயடி’யைச் சேர்க்க வேண்டாம். நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கே தெரியும்.

இ. இசக்கிச்செல்வி

*

பெரம்பூர்
8 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

“ஏலே டேவிட்டு” என்று கூப்பிட்ட வாயால் ‘அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு தடவை படித்தேன். எனக்குத் தெரியும் என்கிறீர்கள். சத்தியமாகத் தெரியாது. நீங்கள் பேச்சை நிறுத்தியபோது உங்கள் வீட்டுக்காரர் தடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உங்களை அவர் விட்டதில்லை. அதனால்தானே கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் உங்கள் அண்ணன் சௌந்தரபாண்டியனின் கடலைமிட்டாய்க் கடையில் கதையைக் கவரில் போட்டு வைப்பீர்கள். நான் பாசஞ்சரில் இறங்கி, அதை வாங்கி, சார் வீட்டில் கொடுப்பேன். மூன்று வருடம் உங்களுக்குத் தபால்காரனாக இருந்தேன். அண்ணாச்சி கொடுத்த ஓசி மிட்டாய் தவிர வேறு கூலி வாங்கினதில்லை.

அந்த வீட்டு மேசை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு பென்சில், ஒரு கத்தரிக்கோல், ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை. முதல் இதழில் சார் பென்சிலால் அடித்த வரிகளையும் பிரஸ்ஸில் சேர்த்து டைப் அடித்துவிட்டார்கள். அதிலிருந்து, வேண்டாத வரியைக் கத்தரித்தே எடுத்துவிடுவார். நான் ரயில்வேக் காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதுகிறவன். கத்தரித்தால் பின்பக்கமும் போய்விடும். அதனால் என் கதையில் மட்டும் வெள்ளைத்தாள் துண்டை ஒட்டி மறைப்பார்கள். ஒட்டுகிற வேலை வீட்டம்மாவுக்கு. “ஒன் ஒருத்தனால எனக்கு அரைக் கிண்ணம் பசை அதிகமாகுது”ன்னு திட்டுவார்கள்.

“விடை வந்தாச்சுன்னா அடிக்கோடு போட்டுட்டு எந்திரிக்கணும்லே. அதுக்குப் பொறவும் எழுதுனா கணக்கு தெரியலன்னு அர்த்தம்” என்பார் சார். கழிப்பாரே தவிர ஒரு சொல்கூடக் கூட்டமாட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

இவ்வளவும் நினைவிருக்கிற எனக்கு, நான் செய்த தப்பு மட்டும் நினைவில்லை. நேராகச் சொல்லிவிடுங்கள்.

டேவிட்சன்

*

கோவில்பட்டி
14.2.2024

டேவிட்சனுக்கு,

நேராகவே சொல்கிறேன்.

உன் ‘தண்ணி லாரி’ கதை எல்லோருக்கும் தெரியும். லாரிக்குக் காத்திருந்து வரிசையிலேயே ரயில்வே கேட்கீப்பர் ஒருவர் செத்துப்போகிற கதை. கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. மலையாளத்துக்குப் போயிருக்கிறது. விருது கொடுத்தவர்கள் அதன் கடைசி மூன்று வரியை மேடையில் வாசித்தார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். எனக்கும் அது மனப்பாடம்:

‘வரிசையில் அந்தக் குடம் மட்டும் நின்றது. யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. பின்னால் வந்தவள் தன் குடத்தை அதற்கு அடுத்தே வைத்தாள்.’

இது என் வரி. ‘குழாயடி’யின் கடைசி மூன்று வரி. என் தங்கை சுடலைச்செல்வியின் குடம் அது. குழாயடியில் வரிசை போட்டுவிட்டு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை வந்தது, அவள் வரவில்லை. மறுநாள் காலையில் நான் தெருவில் போகிறேன். பச்சைப் பிளாஸ்டிக் குடம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டினது, அங்கேயே இருந்தது. மூன்று தெருவுக்கும் ஒரே குழாய். பொம்பளைகள் அங்கே தலைமுடியைப் பிடித்துக்கொள்கிறவர்கள். அந்தக் குடத்தை ஒருத்தியும் தொடவில்லை. அதை எழுதத்தான் நான் அந்தக் கதையையே எழுதினேன். இரண்டு வருஷம் ஆயிற்று அந்த மூன்று வரி வர.

தண்ணீர்ச் சிறப்பிதழ் வந்தது. என் கதையில் கடைசி மூன்று வரி இல்லை. சார் வெட்டிவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். உன் கதையில் இருந்தது. எழுத்து மாறாமல் இருந்தது. சார் யாருக்கும் ஒரு சொல் கூட்டமாட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் கவரைத் திறந்தது யார்? கொண்டுபோனவன் நீ ஒருத்தன்தான்.

சாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. இரண்டு கதையையும் அவர்தான் படித்தார். ஆண்பிள்ளைக்குப் பேர் வரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார். அதற்குமேல் அந்தப் பத்திரிகைக்கு எதற்கு எழுத வேண்டும்? எந்தப் பத்திரிகைக்குத்தான் எதற்கு எழுத வேண்டும்?

அவள் குடத்தை ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டாயே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இசக்கிச்செல்வி

*

பெரம்பூர்
22 பிப்ரவரி 2024

அக்கா,

எங்கள் அம்மா மேல் சத்தியமாக, உங்கள் கவரை நான் ஒரு நாளும் திறந்ததில்லை.

ஆனால் அந்த மூன்று வரி என்னுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். பதினாறு வருடமாகத் தெரியும். இதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இதழ் வந்த அன்று நானும் உங்களைப் போலத்தான் திடுக்கிட்டேன். நான் எழுதியிருந்த முடிவு வேறு. அடுத்த ஞாயிறு சாரிடம் கேட்டேன். பூரான் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். “கதைக்கு வேண்டியது கதைக்கு வந்துருச்சு. ஒனக்கென்னலே அதுல?” என்றார். அதோடு சரி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாருக்கும் ஒரு சொல் கூட்டாத மனுஷன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கூட்டியிருக்கிறார், அதுவும் எனக்கு என்று நினைத்தேன். மணியாச்சிக்குத் திரும்புகிற பாசஞ்சரில் உட்காரவே முடியவில்லை, வாசலிலேயே நின்று வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு விருது வந்தது. மேடையில் அந்த வரிகளைப் படித்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எழுதினார்கள். அது அடக்கமில்லை அக்கா. என் வாத்தியார் வரியை நான் சாப்பிடுகிறேன் என்ற கூச்சம். இன்றைக்குத் தெரிகிறது, வாத்தியாருடையதும் இல்லை.

நீங்கள் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். இதழ் 24, தண்ணீர்ச் சிறப்பிதழ். என் கதையின் கடைசித் தாளைப் பாருங்கள். என்ன இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

டேவிட்சன்

*

கோவில்பட்டி
4.3.2024

டேவிட்டுக்கு,

திறந்தேன்.

உன் கதை ரயில்வேக் காகிதத்தில் இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. கடைசித் தாளின் அடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. ஈரத்தில் பசை விட்டுப்போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. துண்டில் என் கையெழுத்து. கோடு போட்ட நோட்டுத்தாள், நீல மை. அதற்கு அடியில், பென்சிலால் அடித்த உன்னுடைய முடிவு: ‘தண்ணீர் வந்தது. தாகம் போய்விட்டது. மனிதா, இதுதான் உன் வாழ்வா?’ அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துண்டை எடுத்துக்கொண்டு வெயிலம்மா மதினியிடம் போனேன். சார் வீட்டில் ஒட்டுகிற கை ஒன்றுதான். மதினி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஆமா, நாந்தான் ஒட்டுனேன்” என்றார்கள். உப்புப் போட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அன்னைக்கு வெள்ளத்தாளு தீந்து போச்சு. அவிய பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாவ. பிரஸ்காரன் வாசல்ல வந்து நிக்கான். டேவிட்டு கதையில கடைசிய மறைக்கணும், தாளு இல்ல. மேசையில ஓங் கதையில வெட்டுன துண்டு கெடந்துச்சு. படிச்சேன். நம்ம சுடலச்செல்வி கொடந்தான அது? எனக்குத் தெரியாதா? நாந்தான மறுநா அந்தக் கொடத்துக்கு அடுத்தாப்ல என் கொடத்த வச்சேன். அதப் போயி குப்பையில போட எனக்கு மனசு வரல. அளவும் சரியா இருந்துச்சு, ஒட்டிட்டேன்.”

“என் கதையிலேயே திருப்பி ஒட்டியிருக்கலாமே மதினி” என்றேன்.

“ஓங் கதையில ஒட்டுனா அவிய கண்டுபிடிச்சிருவாவல்லா?”

சாருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். இதழ் அச்சாகி வந்தபிறகு படித்தாராம். இரண்டு நாள் மதினியோடு பேசவில்லையாம். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, “நல்லாத்தான் இருக்கு”ன்னாராம். அதற்குமேல் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன். தன் மேசையில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு முடியவில்லை. அது தப்புதான். அவர் போய்விட்டார் என்பதற்காக நான் அதைச் சரி என்று சொல்லமாட்டேன்.

ஆனால் உன் மேல் பதினாறு வருஷம் பழி போட்டது என் தப்பு. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

துண்டு, உன் தாள் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இனி நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது.

இசக்கி

*

பெரம்பூர்
15 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

மன்னிப்பு எல்லாம் வேண்டாம். ‘டேவிட்டு’ என்று எழுதிவிட்டீர்கள், போதும்.

ஜெராக்ஸை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். என் கட்டுரையின் நடுப்பகுதியே அந்த மூன்று வரியைப் பற்றியதுதான். ‘எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று கொம்பையா கற்றுக்கொடுத்ததன் உச்சம் இது’ என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு பேராசிரியர் அந்த முடிவை வைத்தே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியிருக்கிறார். எனக்குப் பின்னால் வந்த பையன்கள், பெண்கள் எத்தனை பேர் கடைசியில் ஒரு குடத்தையோ செருப்பையோ சைக்கிளையோ தனியாக நிறுத்திவிட்டுக் கதையை முடிக்கிறார்கள்! எல்லாம் அந்த மூன்று வரியிலிருந்து வந்தது. அதைச் சார் வெட்டி எறிந்தார் என்று இப்போது எப்படி எழுதுவது?

ஒரு வழி தோன்றுகிறது. தொகுப்பின் பின்குறிப்பில், ‘இக்கதையின் முடிவு, இதழ்க் குழுவைச் சேர்ந்த ஒருவருடைய பங்களிப்பு’ என்று போட்டுவிடலாம். பெயர் வேண்டாம். சார் பெயரும் கெடாது, உண்மையும் சொன்னதாக இருக்கும். பாடப் புத்தகத்தில் இருப்பதைக் கிளறினால் பெரிய சிக்கல். யோசித்துச் சொல்லுங்கள்.

டேவிட்சன்

*

கோவில்பட்டி
20.3.2024

ஏலே டேவிட்டு,

‘இதழ்க் குழுவைச் சேர்ந்த ஒருவர்’ யார்? அந்தக் குழுவில் நான் என்றைக்கு இருந்தேன்? கூட்டத்துக்கு வராதவள், கவரில் கதை கொடுத்துவிட்டவள். மதினி இருந்தார்களா? ஞாயிறுதோறும் நீங்கள் பதினைந்து ஆம்பிளைகள் குடித்த காப்பிக்கு யார் பெயரும் இல்லை. இந்த வரிக்கும் பெயர் கிடையாதா?

சார் பெயர் கெடாது என்கிறாய். உன் பெயர் கெடாது என்று எழுது, ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் பயமாக இருக்கிறது. பயம் இருந்தால் இருக்கட்டும், அதற்குச் சார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒளியாதே.

எனக்கு வேண்டியது இதுதான். என் தங்கையின் குடத்தை என் கதையில் திருப்பி வை. இல்லையென்றால் பெட்டிகளைத் தரமாட்டேன்.

இசக்கி

*

பெரம்பூர்
3 ஏப்ரல் 2024

அன்புள்ள இசக்கியக்கா,

கடிதத்தைப் படித்ததும் உங்கள் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எனக்கே தோன்றிவிட்டது. சாரிடம் கற்றுக்கொண்டது இதுவும்தான் போல.

‘குழாயடி’ அதன் கடைசி மூன்று வரியோடு தொகுப்பில் வரும். ‘தண்ணி லாரி’யை அந்த வரிகள் இல்லாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பயப்பட வேண்டாம், அந்த ‘மனிதா’வையும் சேர்க்கவில்லை. அதற்கு முந்தின வரியிலேயே நிறுத்தியிருக்கிறேன்: ‘லாரி பின்பக்கமாக வந்து நின்றது.’ படித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது. முன்பு இருந்த உயரம் இல்லை. ஆனால் என்னுடையது.

கட்டுரையில் நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர், சுடலைச்செல்வி பெயர், வெயிலம்மாள் பெயர், சார் மூன்று நாள் யோசித்து வாயை மூடிக்கொண்டது, நான் பதினாறு வருடம் மூடிக்கொண்டது எல்லாம் இருக்கிறது. பாடப் புத்தகக் குழுவுக்கும் மலையாள மொழிபெயர்ப்பாளருக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். பதிப்பக நண்பர், “இது தற்கொலை சார்” என்றார். சாராவது கழித்தலில் தேர்ந்தவர். எனக்கு இப்போதுதான் கழிக்க வருகிறது.

தேர்தல் முடிந்த ஞாயிறு, 21ஆம் தேதி, கோவில்பட்டியில் நினைவுக் கூட்டம். நான் அந்தப் பகுதியைத்தான் வாசிக்கப்போகிறேன். நீங்கள் வர வேண்டும். சார் வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள்.

டேவிட்டு

*

கோவில்பட்டி
25.4.2024

டேவிட்டுக்கு,

கூட்டம் முடிந்ததும் உன்னைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலர் கையைப் பிடித்தார்கள், சிலர் சண்டை பிடித்தார்கள். உனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை பெயரை நீ மைக்கில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி முந்தானையை எடுத்துக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்த்தாயா? கூட்டம் பக்கமே வராத மனுஷன். வீட்டுக்கு வந்து, “அந்தக் கதை இருக்கா, குடு” என்றார். உட்கார்ந்து படித்தார். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

அந்தப் பேராசிரியர் எழுந்து, “அப்படியென்றால் கோடை உழவின் உண்மையான ஆசிரியர் வெயிலம்மாள்தானா?” என்று கேட்டாரே, அதற்கு மதினி சொன்ன பதில் உன் மேடை வரைக்கும் கேட்டிருக்காது. “எனக்கென்ன தெரியும், நான் பசை காச்சுனேன்” என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் காதில், “ஆனா அவிய வெட்டுனதுல பத்துக்கு ஒம்பது சரிதான் பாத்துக்க. ஒண்ணுதான் தப்பு. அந்த ஒண்ணத்தான் நான் பாத்துக்கிட்டேன்” என்றார்கள். உன் கட்டுரையின் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்.

நானும் அதைத்தான் நினைக்கிறேன். பதினாறு வருஷம் எழுதாமல் இருந்தும், பள்ளிக்கூடத்துக்கு முட்டைக் கணக்கு எழுதும்போதுகூட அதிகமாக ஒரு சொல் விழுந்தால் என் கை அடித்துவிடும். அது சாருடைய கை. வெறுத்தாலும் போகவில்லை.

இத்துடன் ஒரு கதை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கம். தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன், கத்தரிக்க வசதியாக. இதை வெட்ட இப்போது ஆள் இல்லை, நீதான் இருக்கிறாய். நிபந்தனை ஒன்று உண்டு. சார் வெட்டினால் துண்டு அவர் மேசையில் கிடக்கும். நீ வெட்டினால் துண்டு எனக்கு வந்துசேர வேண்டும். ஒரு சொல்லாக இருந்தாலும் சரி.

பெட்டிகளை லாரி சர்வீஸில் போட்டுவிட்டேன்.

இசக்கி

*

பெரம்பூர்
9 மே 2024

அன்புள்ள அக்கா,

பெட்டிகள் வந்தன. கதையும் வந்தது. மூன்று தடவை படித்தேன். சத்துணவுக் கூடத்தில் ஒரு சமையல்காரி, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு பிள்ளைக்கும் நான்கு வருடம் சோறு போடுகிறாள். அந்தப் பிள்ளை யாருடையது என்று நீங்கள் கடைசி வரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பதினாறு வருடம் சும்மா இருந்த கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

நடுவில் ஒன்றும் தொடவில்லை. கடைசிப் பத்தியில் ஏழு வரி. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்தப் பிள்ளை தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிற இடத்தில் விடை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் நின்று பார்ப்பது அதிகம் என்று எனக்குப் படுகிறது. என் காதில் சார் பேசுகிறாரா, நானே பேசுகிறேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏழு வரியையும் வெட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கதையின் கடைசித் தாளும் இருக்கிறது. தொகுப்புக்குப் பிறகு பதிப்பகம் கொண்டுவருகிற சிறப்பு மலரில் இதைப் போட ஆசைப்படுகிறேன். உங்கள் முடிவே முடிவு.

டேவிட்டு

*

கோவில்பட்டி
15.5.2024

ஏலே டேவிட்டு,

துண்டு பத்திரமாக வந்தது. மதினிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அடுப்பில் மைதாவை வைத்தார்கள்.

ஏழு வரியில் கடைசி இரண்டு அதிகம்தான். நீ சொன்னது சரி, எடுத்துவிட்டேன். மீதி ஐந்தை அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். அவள் நின்று பார்க்கத்தான் வேண்டும். நான்கு வருஷம் சோறு போட்டவளுக்கு ஒரு நிமிஷம் நிற்கக்கூட உரிமை இல்லையா? பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பசை காய்ந்துவிட்டது, இழுத்தால் வராது. அப்படியே அச்சுக்குக் கொடு.

வெட்டின அந்த இரண்டு வரியையும் வைத்திருக்கிறேன். வேறு கதைக்கு ஆகும். மதினி கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

அக்கா